அணைந்த பின்னும் ஆறாத விண்மீன்

1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பியிருந்த வேலா செயற்கைக் கோள்கள், சென்டாரஸ் விண்மீன் குழுவில் புதிய எக்ஸ் கதிர் மூலம் ஒன்றைக் கண்டன. மிகுந்த பிரகாசத்துடன் தோன்றிய அது சில மாதங்களில் மங்கி மறைந்தது. சென் எக்ஸ்-4 என்று பெயர் பெற்ற அது, 1979 மே மாதம் மீண்டும் ஒளிர்ந்து, மீண்டும் அடங்கியது.

இதன் காரணம் என்ன? அங்கே இருப்பது ஓர் இரட்டை விண்மீன். ஒன்று சாதாரண விண்மீன். மற்றது நியூட்ரான் விண்மீன். சூரியனைவிட மிகுந்த பொருள், சுமார் 20 கிலோமீட்டர் விட்டமுள்ள உருண்டைக்குள் அடங்கியிருக்கிறது என்றால் அதன் ஈர்ப்பு விசையை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்! துணை விண்மீனின் வாயு அதைச் சுற்றி வட்டத் தட்டுப்போல் சேர்கிறது. அது பெருமளவில் உள்ளே விழும்போது கடும் வெப்பமடைந்து எக்ஸ் கதிர்களை வீசுகிறது. வரத்து குறைந்ததும் விண்மீன் அடங்கிவிடுகிறது.

அப்படியானால் கதிர்களும் நின்றுவிட வேண்டுமல்லவா? நிற்கவில்லை. சென் எக்ஸ்-4, அக்விலா எக்ஸ்-1 ஆகிய இரண்டும் அடங்கிய நிலையிலும் மெல்லிய எக்ஸ் கதிர்களை வீசுவதை வான் பாரடைஸ் குழுவினர் 1987-இல் வெளியிட்டனர். எஞ்சிய வாயு கசிந்து விழுகிறதா, அல்லது விண்மீனே சூடாக இருக்கிறதா என்ற கேள்வி எழுந்தது.

போலந்து அறிஞர்கள் ஹேன்செல், ஸ்துனிக் இருவரும் 1990-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். புதிதாக விழும் வாயுவின் பாரம் விண்மீனின் மேலோட்டை அழுத்துகிறது. ஆழத்தில் அணுக்கருக்கள் எலெக்ட்ரான்களை விழுங்கி, ஒன்றோடொன்று இணைந்து, வெப்பத்தை வெளியிடுகின்றன. இவ்வெப்பம் உள்ளே சேமிக்கப்பட்டு, அடங்கிய காலத்தில் வெளியேறுகிறது என்று 1998-இல் பிரவுன், பில்ட்ஸ்டென், ரட்லெட்ஜ் மூவரும் விளக்கினர். அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல் சுடுவதைப் போன்றது இது.

இக்கருத்தைச் சோதிக்க 2001-இல் வாய்ப்புக் கிட்டியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓயாது ஒளிர்ந்த கே.எஸ். 1731-260 அவ்வாண்டுத் தொடக்கத்தில் அடங்கியது. விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா விண்ணாய்வுக்கூடம் சில மாதங்களுக்குள் அதை நோக்கியது. பின் வந்த ஆண்டுகளில் மேற்பரப்பு படிப்படியாகக் குளிர்ந்தது. குளிர்ந்த வேகத்தைக் கொண்டு, மேலோடு வெப்பத்தை நன்கு கடத்துகிறது என்றும், அதன் அணுக்கருக்கள் படிகம்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன என்றும் அறிந்தனர்.

எல்லா விண்மீன்களுக்கும் இவ்விடை முழுமையாகப் பொருந்துவதில்லை. சென் எக்ஸ்-4-இன் மெல்லிய கதிர்கள் ஏறி இறங்குகின்றன. அங்கே சிறிது வாயு இன்னும் விழுகிறது என்பதற்கு இது அறிகுறி. ஆயினும், எந்த ஆய்வுக்கூடத்திலும் உருவாக்க முடியாத பொருளின் இயல்பை, அது ஆறும் வேகத்தைக் கொண்டே நாம் அறிய முடிகிறது.