ஹெரால்டு காரும் வளைஞ்ச கம்பியும்

ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிக்கிட்டு இருந்த பதிவு. இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி, அதனால மாட்டினீங்க :-)

ஆட்டோகிராஸ் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. காலி மைதானத்துல கூம்பு வெச்சு வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை போடுவாங்க. ஒரு நேரத்துக்கு ஒரே வண்டி, எதிரி கடிகாரம் மட்டும் தான். அமெரிக்காவுல பெரும்பாலும் பார்க்கிங் இடத்துல நடத்துவாங்க, நம்ம ஊர்ல பெரும்பாலும் மண் தரையில. இதுக்காக வண்டியைத் தயார் பண்றவங்க சீக்கிரமே கை வைக்கற இடம் ஸ்டெபிலைசர் பார். ஆன்ட்டி ரோல் பார், ஸ்வே பார் எல்லாம் இதே தான். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கற, ரெண்டு பக்கமும் மடிச்சு விட்ட ஒரு எஃகுக் கம்பி. ரெண்டு சக்கரமும் ஒண்ணா மேல ஏறினா சும்மா உருளும். ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கினா முறுக்கிக்கிட்டு எதிர்க்கும். அம்புட்டுதேன்.

இந்தக் கம்பி போட்டா வளைவுல எடை ஒரு பக்கமா சாயாதுன்னு நிறைய பேர் நம்பறாங்க. இது தப்பு. எங்க ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை டவுனுக்கு நேர் எதிரே, மலைக்கு அந்தப் பக்கம், கிரிவலப் பாதையில இருக்கு. கார்த்திகை தீபத் திருவிழா ஏழாம் நாள் மகா ரதம் மாட வீதி சுத்தி வரதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்தத் தேருக்கு ஸ்பிரிங் கிடையாது. அதனால கார் மாதிரி உடம்பு மட்டும் தனியா சாயவும் வழியில்லை. ஆனா மூலை திரும்பும்போது முட்டுக்கட்டை போட்டு அங்குலம் அங்குலமா திருப்பறாங்களே, ஏன்? அவ்வளவு உயரத்தை வேகமா திருப்பினா எடை மொத்தமும் வெளிப்பக்க சக்கரத்துக்குப் போயிடும். உடம்பு சாயறது வேற, எடை மாறறது வேற.

கணக்காவே சொல்றேன். ஓட்டறவரோட சேர்த்து 720 கிலோ ஒரு சின்ன கார்னு வைங்க. ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம், சக்கர இடைவெளி 1.2 மீட்டர், வளைவுல 0.8 ஜி. 720 × 0.8 × 0.5 ÷ 1.2 = 240 கிலோ உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கம் போகும். எந்தக் கம்பி போட்டாலும் கிட்டத்தட்ட இதே 240 தான். அதுல முன் சக்கர ஜோடிக்கு எவ்வளவு, பின் ஜோடிக்கு எவ்வளவுன்னு பங்கு பிரிக்கறது தான் கம்பியோட வேலை. டயருக்கு ஒரு குணம் உண்டு. ரெண்டு மடங்கு எடை ஏத்தினா ரெண்டு மடங்கு பிடிப்பு தராது, குறைவாத் தான் தரும். அதனால எந்தப் பக்கம் கம்பி தடிமனோ, அந்தப் பக்க ஜோடி முதல்ல வழுக்கும். முன்னாடி தடிச்சா மூக்கு வெளியே போகும், பின்னாடி தடிச்சா வால் சுத்தும்.

கம்பிக்கு வயசு நூறுக்கு மேல. 1919ல கனடாவுல, நியூ பிரன்ஸ்விக்ல இருக்கற ஃபிரெடரிக்டனைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனா தேவை வந்தது 1930கள்ல. ஜெனரல் மோட்டார்ஸ்ல மாரிஸ் ஆலி (அதுக்கு முன்னாடி ரோல்ஸ் ராய்ஸ்ல இருந்தவர்) முன் சக்கரம் ஒவ்வொண்ணும் தனித்தனியா ஏறி இறங்கற சஸ்பென்ஷனைக் கொண்டு வந்தார். 1934 கேடிலாக்ல வந்தது. பயணம் மெத்து மெத்துன்னு ஆச்சு, கூடவே வளைவுல சாயறதும் கூடிச்சு. அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர்ங்கற பேச்செல்லாம் இவரும் இவர் கூட்டாளிகளும் பண்ண ஆராய்ச்சியில இருந்து பரவினது தான்.

இப்ப நம்ம சென்னைக்கு வருவோம். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961ல இருந்து இங்கே ஹெரால்டு தயாரிச்சாங்க. இங்கிலாந்துல 1959ல வந்த டிரையம்ப் ஹெரால்டு தான் மூலம். உடம்பை வரைஞ்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. 25 அடி வட்டத்துல திரும்பும், நம்ம சந்துபொந்துக்கு அளவெடுத்த மாதிரி. முன்னாடி ஸ்டெபிலைசர் பார் உண்டு. வில்லங்கம் பின்னாடி. ஸ்விங் ஆக்சில்னு சொல்வாங்க. ரெண்டு அரை ஆக்சிலும் நடுவுல டிஃபரன்ஷியல் பக்கத்துல மட்டும் மடங்கும், குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். வேகமா வளைச்சா பின்பக்கம் தூக்கிக்கும், வெளிச் சக்கரம் காலை உள்ளே மடக்கிக்கும், பிடிப்பு சட்டுனு விட்டுடும். அடுத்த நொடி வண்டி வந்த திசையைப் பார்த்து நிக்கும். எங்க பக்கத்து பழைய மெக்கானிக் ஒருத்தர் இதை "கால் வாரி விடும்"னு சொல்வார். இன்ஜினியரிங் காலேஜ்ல நாலு வருஷம் படிச்சதை விட இது தெளிவு.

முன்னாடி கம்பி ஏன்னு இப்ப புரியுதா? எடை மாற்றத்துல பெரும் பங்கை முன்பக்கம் வாங்கிக்கும். பின் சக்கரம் பிழைக்கும். வால் சுத்தறதுக்கு முன்னாடி மூக்கு வழுக்கும், ஓட்டறவனுக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கும்.

இந்தக் கம்பி இல்லாம போனா என்ன ஆகும்ங்கறதுக்கு அமெரிக்காவோட செவர்லே கார்வேர். 1960ல வந்தது, பின்னாடி என்ஜின், அதே ஸ்விங் ஆக்சில். செலவு மிச்சம்னு முன் கம்பியை விட்டுட்டாங்க. பதிலுக்கு டயர் காத்துல சரிக்கட்டினாங்க. முன்னாடி 15, பின்னாடி 26 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்குல காத்து அடிக்கற பையன் நாலுக்கும் ஒரே அளவு அடிச்சா கதை முடிஞ்சது. 1964 மாடல்ல முன் கம்பியை எல்லா வண்டிக்கும் போட்டாங்க. 1965ல ரால்ஃப் நேடர் புத்தகம் எழுதி கார்வேரைக் கிழிச்சார். 1972ல அமெரிக்க அரசு சோதனை பண்ணி, அந்தக் காலத்து மத்த கார்களை விட இது மோசமில்லைன்னு அறிக்கை விட்டது. இருக்கலாம். ஆனாலும் ஒரு சின்னக் கம்பியில கஞ்சத்தனம் பண்ணினதை என்னால மன்னிக்க முடியல.

டிரையம்ப் ஆளுங்க 1970 ஸ்பிட்ஃபயர் மார்க் 4ல ஒரு வேலை பண்ணாங்க. பின்னாடி லீஃப் ஸ்பிரிங் பட்டைகள்ல பெரும்பாலானதை நடுவுல சாய்ஞ்சாடற மாதிரி விட்டுட்டாங்க. அதனால பின்பக்கம் சாய்வை எதிர்க்கற விறைப்பு குறைஞ்சது. குறைஞ்சதை முன்னாடி தடிமனான கம்பி போட்டு ஈடுகட்டினாங்க. பங்கு பிரிக்கற கணக்கு தான் இது, சுத்தமான வேலை. நம்மாளுங்க 1972ல கெசல் விடும்போது ஸ்விங் ஆக்சிலையே தூக்கிட்டு சாதாரண ஆக்சில் போட்டுட்டாங்க. நம்ம ரோட்டுக்கும் நம்ம மெக்கானிக்குக்கும் அது தான் சரின்னு எனக்குத் தோணுது.

ஹெரால்டும் ஃபியட்டும் சோழவரத்துல சுத்தின காலம் ஒண்ணு இருந்தது. இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளம், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தின இடம். 1990ல இருங்காட்டுக்கோட்டை வந்தது. அதுக்குள்ள மாருதி 800 ஊரைப் பிடிச்சிடுச்சு. இதுல ஒரு சிக்கல். முன்னாடி இருக்கற ஸ்டெபிலைசர் பார் தான் கீழ்க்கையை முன்பின் நகராம பிடிச்சுக்கற கையும். ஒரே கம்பிக்கு ரெண்டு உத்தியோகம். சுசூகிக்காரங்க சிக்கனம்! இஷ்டத்துக்கு மாத்தினா சக்கரம் நிக்கற இடமே மாறும். முன்சக்கர இழுவை வண்டி வேற, மூக்கு தான் வழுக்கும். அதனால பின்பக்க விறைப்பைக் கூட்டறது தான் உருப்படியான வழி. உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கினாலும் பயப்பட வேண்டாம், இழுக்கற சக்கரம் முன்னாடி தானே இருக்கு.

இதே 800 என்ஜினைப் பின்னாடி வெச்சு 1988ல ஃபார்முலா மாருதி கட்டினார் கோயமுத்தூர் கரிவரதன். ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. 1995ல சின்ன விமானம் விழுந்து போய்ச் சேர்ந்துட்டார், 41 வயசு. நரேன் கார்த்திகேயன் பந்தயத்துல முதல்ல ஓட்டினது இந்த வண்டியைத் தான். என்ஜின் எல்லாருக்கும் ஒண்ணுன்னா நேர் ரோட்டுல யாரும் யாரையும் பெரிசா தாண்ட முடியாது. நேரம் வளைவுல தான் கிடைக்கும். காசு வெச்சிருக்கறவன் மட்டும் ஜெயிச்ச விளையாட்டை கரி இப்படித் திறந்து விட்டார்னு தான் நான் பார்க்கறேன்.

சரி, கம்பி வாங்கப் போறவங்களுக்கு. விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும். 20 மில்லிமீட்டருக்குப் பதிலா 22 போட்டா 46 சதவீதம் கூடும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத் தான் தெரியும். 22ல 16 மில்லிமீட்டர் துளை விட்ட குழாய்னா எடை பாதிக்கும் கீழே, விறைப்பு 72 சதவீதம் மிஞ்சும். மண் தரைனா தடிமன் வேண்டவே வேண்டாம். ஒரு சக்கரம் பள்ளத்துல விழுந்தா கம்பி இன்னொண்ணையும் சேர்த்து இழுக்கும். பின்சக்கர இழுவை வண்டினா முன்னாடியில இருந்து ஆரம்பிங்க. முன்சக்கரம்னா பின்னாடி. ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் மாத்துங்க, ரெண்டையும் மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. அதுக்கும் முன்னாடி டயர் காத்தை ரெண்டு ரெண்டு பிஎஸ்ஐயா ஏத்தி இறக்கிப் பாருங்க. பைசா செலவில்லை. அப்படியே கீழ குனிஞ்சு புஷ் ரப்பரையும் பார்த்துடுங்க. அது தேஞ்சிருந்தா, கம்பி எவ்வளவு தடிமனா இருந்தாலும் முதல் கொஞ்ச தூரம் சும்மா தான் ஆடும்.