வாப்பாவின் ரேடியோவுக்கு முன்னால் இருந்த பெட்டி

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் தரம் 10 மாணவர் ஒருவர், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க வீட்டில் கட்டி வைத்திருந்த சாக்கிலிருந்து ஒரு சாமானை எடுத்து வந்து "சேர், இது என்ன?" என்று கேட்டார். அரைவட்ட அலுமினியத் தகடுகள். அச்சைத் திருப்பினால் ஒரு வரிசை மற்ற வரிசைக்குள் தொடாமல் போய் வரும். நாற்பது வயது தாண்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: ரேடியோ 'கேங்'. பாடப்புத்தகத்தில் அதற்கு மாறும் கொள்ளளவி என்று பெயர்.

அதைக் கையில் வாங்கித் திருப்பியதும் எனக்கு 1990 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த ஆண்டு நமது பகுதி இருந்த நிலையை இங்கே விவரிக்கப் போவதில்லை. கரண்ட் இல்லை, பாதை இல்லை. பத்து மைலுக்கு அப்பால் நடந்ததையும் லண்டன் தமிழோசை சொன்னால்தான் நமக்குத் தெரியும். சாச்சா குடும்பத்தோடு அடுத்த ஊரில் இருந்தார். இரவு செய்தியில் அந்த ஊரின் பெயர் வருகிறதா என்று பார்ப்பதற்காகவே வாப்பா ரேடியோவைத் திறப்பார். பெயர் வராவிட்டால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அணைத்துவிடுவார். பற்றரி அவ்வளவு விலை.

பிரச்சினை என்னவென்றால், ஊர்ப் பெயர் சொல்லும் இடத்தில்தான் வேறொரு நிலையம் மேலே ஏறிக் கத்தும். வந்தது நம்மூரா, சாச்சாவின் ஊரா? அன்றிரவு உம்மாவுக்குத் தூக்கமிருக்காது. தெளிவாகக் கேட்கட்டும் என்று தென்னை மரத்திலிருந்து நீளக் கம்பி இழுத்தோம். இன்னும் மோசமானது. நாலு பாஷை ஒன்றாகப் பேசியது.

சந்தியில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த காக்கா ஒருவர் சிரித்தார். "தம்பி, வாசலத் தொறந்து ஊரையே உள்ள விட்டா ஆர்ட பேச்சக் கேக்கிற? வாசல்ல ஒரு ஆள நிப்பாட்டணும்." அந்த 'ஆள்'தான் ப்ரீசெலக்டர். முன்தெரிவி என்று சொல்லலாம். ஏரியலுக்கும் ரேடியோவுக்கும் நடுவே நிற்கும் சிறு பெட்டி. நாம் கேட்க விரும்பும் மீடிறனை உள்ளே விட்டு, மற்றதை வாசலிலேயே மெலியச் செய்துவிடும்.

இந்த வாசல்காரனின் கதை முதலாம் உலகப் போரிலிருந்து வருகிறது. 1918இல் பிரான்ஸில் இருந்த அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் சூப்பர்ஹெட்டரடைன் முறையை உருவாக்கினார். பிரான்ஸில் லூசியன் லெவியும் ஜெர்மனியில் வால்டர் ஷொட்கியும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே யோசனைக்கு வந்திருந்தார்கள். ரேடியோவுக்குள் ஒரு சின்ன அலையியற்றி இருக்கும். வரும் அலையோடு அதன் அலையைக் கலந்து, எந்த நிலையமானாலும் ஒரே 'இடைநிலை மீடிறனுக்கு' மாற்றிப் பெருக்கும். நம் வீடுகளில் இருந்த பெரும்பாலான பெட்டிகளில் அது 455 கிலோ ஹேர்ட்ஸ் அளவில் இருந்தது. சாதாரண ட்ரான்சிஸ்டர் ரேடியோ வரை எல்லாம் இந்த வழியில்தான் ஓடியது.

ஆனால் இந்த முறைக்குள்ளேயே ஒரு ஓட்டை உண்டு. உள்ளலை நாம் தேடும் நிலையத்தை விட 455 கூட. அதைவிட இன்னுமொரு 455 கூடிய இடத்தில் இருக்கும் நிலையமும் கலந்தால் அதே 455 தான் வரும். அதாவது நாம் 14,200 கிலோ ஹேர்ட்ஸில் அமெச்சூர்காரர்கள் பேசுவதைக் கேட்க நினைத்தால், 15,110இல் உள்ள பெரிய ஒலிபரப்பு நிலையம் அங்கே வந்து குந்திக்கொள்ளும். இதற்கு விம்ப மீடிறன் என்று பெயர். கண்ணாடியில் தெரியும் விம்பம் போல, ஆள் இல்லாத இடத்தில் ஆள்.

மத்திய அலையில் இந்தத் தொல்லை குறைவு. 1,000க்கு விம்பம் 1,910இல், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரத்தில். ரேடியோவின் சொந்தச் சுருளே அதைத் தள்ளிவிடும். சிற்றலையில் 14,200க்கு 910 என்பது ஆறு வீதம்தான். ஒரு சுருளால் சமாளிக்க முடியாது. உயர்தரப் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒருமுறை செய்து பாருங்கள்.

காசு இருந்தவர்களுக்கு 1930களிலேயே இதற்கு மருந்து கிடைத்தது. இரண்டு கேங்குக்குப் பதில் மூன்று கேங் வைத்து, முன்னால் இன்னொரு பரிவுச் சுற்றும் பெருக்கியும் சேர்த்த பெட்டிகள் வந்தன. 1935இல் அமெரிக்காவின் நேஷனல் கம்பனி விட்ட எச்.ஆர்.ஓ. பெட்டியில் நாலு கேங். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் தந்திகளை ஒட்டுக்கேட்ட பிரித்தானிய நிலையங்கள் அதை விரும்பிப் பாவித்தன. (அப்படியொரு ஒட்டுக்கேட்கும் நிலையம் 1943 முதல் கொழும்பில் அன்டர்சன் கொல்ப் மைதானத்தில் இருந்தது, ஜப்பானியச் செய்திகளைப் பிடிப்பதுதான் வேலை.) காசில்லாதவர்கள் தாங்களே பெட்டி செய்தார்கள். அமெச்சூர் வானொலிச் சஞ்சிகைகள் செய்முறைப் படங்களைப் போட்டன.

நமது நாட்டின் ஒலிபரப்பே கைவேலையில் பிறந்ததுதான். 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையிலிருந்து இசைத்தட்டுப் பாட்டு முதன்முதலாக வானில் போனது. அந்தப் பரப்பியைத் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிச் சாமான்களைக் கொண்டு செய்தார்கள். எட்வர்ட் ஹார்ப்பர் முன்னின்ற அந்த முயற்சிதான் 1925 டிசம்பர் 16 அன்று முறையான ஒலிபரப்பு ஆனது.

காக்கா எங்களுக்குச் செய்து தந்தது இதுதான். ஒரு அங்குலத் தடிப்புள்ள குழாய்த் துண்டில், அரை அங்குல நீளத்துக்குப் பரவும்படி பத்துச் சுற்று செப்புக் கம்பி. அதன் இரு முனைகளும் கேங்கின் இரு பக்கத்துக்கு. பக்கத்திலேயே இரண்டு மூன்று சுற்று தனியாக, அது ஏரியலுக்கும் மண்ணுக்கும். இன்னொரு சிறு சுற்று ரேடியோவுக்கு. பற்றரி தேவையில்லை. கேங் 365 பிகோ பரட் என்றால் ஏறத்தாழ 5 முதல் 15 மெகா ஹேர்ட்ஸ் வரை பரிவு கிடைக்கும். ரேடியோவில் நிலையத்தை வைத்து, பிறகு இந்தக் கேங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் சத்தம் 'குபுக்' என்று எழும். பெட்டி எதையும் பெருக்குவதில்லை. உண்மையில் கொஞ்சம் சத்தத்தைத் தின்னும். ஆனால் அந்த இரவு முதன்முறையாக வாப்பா ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். சாச்சாவின் ஊர் இல்லை.

மூன்று மாதம்கூட அது எங்களிடம் இருக்கவில்லை. வீடு வீடாகச் சோதனை வரப்போகிறது என்று கதை வந்தது. சுருள், கேங், மரத்துக்குப் போகும் கம்பி. இதைப் பார்க்கிறவன் கேட்கும் பெட்டி என்றா நினைப்பான், அனுப்பும் பெட்டி என்றா? உம்மா வாதாடவில்லை. சுருளை அடுப்பில் போட்டார், கம்பியைத் தென்னையிலிருந்து இறக்கி ஆட்டுக் கொட்டிலைக் கட்டினார். கேங்கை மட்டும் வாப்பா அரிசிப் பானைக்குள் வைத்தார். பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை. சோதனைக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

1941இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30உடன் சிற்றலையில் நின்றது. வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார்.

அந்த மாணவர் கொண்டு வந்த கேங்கை வைத்து நாலைந்து பிள்ளைகளோடு விஞ்ஞான அறையில் பெட்டி செய்து பார்த்தோம். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இப்போது தொல்லை தருவது தூரத்து நிலையங்களை விட எல்.ஈ.டி. பல்பும் போன் சார்ஜரும்தான். அந்த இரைச்சல் நாம் கேட்கும் அதே மீடிறனிலேயே இருப்பதால் வாசல்காரனால் பிரித்துத் தள்ள முடியாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மஃரிபுக்குப் பிறகு வெளி வராந்தாவில் வைத்துக் கேட்டோம். சீனாவிலிருந்து ஒரு குரல் வந்தது. கேங்கைத் திருப்பத் திருப்ப அது போய் வந்ததைப் பார்த்து, ஒரு பிள்ளை திரும்பத் திரும்பத் திருப்பிக்கொண்டே இருந்தது.

இன்னும் மூன்று பெட்டி செய்ய ஆசைப்படுகிறார்கள். கேங் கடையில் கிடைப்பதில்லை. பரணில், கொட்டிலில் பழைய வால்வ் ரேடியோ கிடந்தால் இரும்பு விலைக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். முழு ரேடியோவும் நல்ல நிலையில் இருந்தால் கழற்ற மாட்டோம், திருத்தித் திருப்பித் தருவோம். கேங்கின் தகடுகள் வளைந்து உரசினாலும் பரவாயில்லை, மெல்லிய கத்தியால் நிமிர்த்திக்கொள்ளலாம்.