கோபோல் மொழியில் பணத்தொகை உரையை எண்ணாக மாற்றுதல்

கோபோல் என்பது வணிகக் கணக்குகளுக்காக அமெரிக்காவில் உருவான நிரலாக்க மொழியாகும். கோடசில் என்ற குழு 1959இல் பணியைத் தொடங்கியது. முதல் வரையறை 1960இல் வெளிவந்தது. எண்ணை மனிதர் படிக்கும் வடிவில் அச்சிடும் வசதி அம்மொழியில் தொடக்கம் முதலே இருந்தது. 'பிக்சர்' என்னும் விவரிப்பில் டாலர் குறி, காற்புள்ளி, தசமப் புள்ளி ஆகியவற்றின் இடத்தைக் காட்டிவிட்டால், நினைவகத்தில் 125075 என்றிருக்கும் இலக்கங்கள் தாளில் $1,250.75 என்று இறங்கும். எதிர்த் தொகையாயின் பின்னால் 'சிஆர்' அல்லது 'டிபி' என்று சேரும். காசோலையில் எவரும் இலக்கத்தை நுழைத்துவிடாதபடி முன்னிடத்தை உடுக்குறிகளால் நிரப்பவும் முடிந்தது.

ஆனால் $1,250.75 என்ற உரையிலிருந்து எண்ணைத் திரும்பப் பெறும் வழி கால் நூற்றாண்டுக் காலம் மொழியின் தர வரையறையில் இல்லை. துளை அட்டைக் காலத்தில் அது பெருங்குறையும் அன்று. அட்டையில் வெறும் இலக்கங்களே துளைக்கப்பட்டன. தசமப் புள்ளி எங்கே என்பது நிரலுக்குத் தெரியும். திரையில் மனிதர்கள் தம் விருப்பம்போல் தொகையைத் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் சிக்கல் முளைத்தது.

நிரலர்கள் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் குறிகளை நீக்கும் பகுதிகளைத் தாமே எழுதிக்கொண்டனர். 1974 தர வரையறையில் வந்த 'இன்ஸ்பெக்ட்', 'அன்ஸ்டிரிங்' கட்டளைகள் ஓரளவு கைகொடுத்தன. எனினும் புள்ளியையும் சேர்த்து நீக்கினால் 1,250.5 என்பது 12505 ஆகும், 1,250.50 என்பதோ 125050 ஆகும். ஒரே தொகை, பத்து மடங்கு வேறுபாடு! 'சிஆர்' எழுத்துகளைக் குப்பையெனக் கருதி வெட்டினாலோ எதிர்த் தொகை நேர்த் தொகையாகிவிடும்.

1985 தர வரையறை, அச்சு வடிவப் புலத்தை 'மூவ்' கட்டளையால் எண் புலத்துக்கு மாற்ற இசைந்தது. குறிகளின் இடம் முன்பே பிக்சரில் அறிவிக்கப்பட்டிருந்தால்தான் இது பயன்படும். கட்டற்ற உரைக்கு விடையளித்தது 1989 பிற்சேர்க்கையில் வந்த 'நியூம்வால்-சி' செயற்கூறு. நாணயக்குறி, காற்புள்ளி, வெற்றிடம் ஆகியவற்றை அது தானே விலக்கும், $1,250.75சிஆர் என்பதை -1250.75 எனச் சரியாகத் தரும்.

தவறான உரையைக் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே பின்னர் 'டெஸ்ட்-நியூம்வால்-சி' சேர்க்கப்பட்டது. உரை சரியெனில் அது 0 தரும். இல்லையெனில் முதல் பிழை எழுத்தின் இடத்தைத் தரும். ஆனால் இச்சோதனைக்கும் தப்பும் பிழை ஒன்றுண்டு. ஜெர்மனியில் 1.250 என்று எழுதினால் ஆயிரத்து இருநூற்றைம்பது. காற்புள்ளியே தசமக்குறி என்று நிரலின் தொடக்கத்தில் அறிவிக்காவிட்டால், கோபோல் அதை ஒன்றேகால் என்றே படிக்கும்.