சீடர் பாக் ஏரியின் வரவு செலவு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே, சீடர் பாக் என்றொரு ஏரி இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய ஒன்றரை ஹெக்டேர், ஆழம் ஒரு மீட்டர். தூர்ந்து தூர்ந்து சதுப்பாகிக்கொண்டிருக்கும் முதிய நீர்நிலை. சூழல் மண்டலத்தில் ஆற்றல் கைமாறும் விதம் ஒரு கோட்பாடாக உருப்பெற்றது இந்த ஏரியின் கணக்கிலிருந்துதான்.

அதற்கு முன்பே பாதை ஓரளவு போடப்பட்டிருந்தது. உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக விலங்குகளின் எண்ணிக்கை குறைவதை 1927-இல் சார்லஸ் எல்டன் காட்டினார். உயிருள்ளவற்றையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் ஒரே மண்டலமாகக் கொள்ள வேண்டும் என்று 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி எழுதினார். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பாசியையும் மீனையும் ஒப்பிட முடியாது. இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டியிருந்தது.

மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரேமண்ட் லின்ட்மேன் அந்த அளவாகக் கலோரியைக் கையாண்டார். மனைவி எலினோருடன் சேர்ந்து 5 ஆண்டுகள் இந்த ஏரியை ஆராய்ந்தார். மிதவை உயிரிகள், நீர்ச்செடிகள், சேற்றில் வாழும் புழுக்கள், பூச்சிகள், மீன்கள் என எல்லாவற்றின் எடையும் ஆற்றல் மதிப்பாக மாற்றப்பட்டது. குளிர்காலத்தில் ஏரி உறைந்து, பனிக்கட்டிக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அந்த நிலையில் அடிமட்ட உயிர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதைக்கூட அவர் தனிச் சோதனையாகச் செய்து பார்த்தார்.

கிடைத்த கணக்கு இது. ஆண்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழும் சூரிய ஆற்றல் 1,18,872 கலோரி. அதில் பாசிகளும் செடிகளும் பிடித்துவைப்பது 111.3 கலோரி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தாவர உண்ணிகளுக்குப் போய்ச் சேர்வது 14.8. அவற்றைத் தின்னும் விலங்குகளுக்கு எஞ்சுவது வெறும் 3.1. இடையில் காணாமல்போவதில் ஒரு பகுதி சுவாசத்தில் வெப்பமாக வெளியேறுகிறது. தாவரங்கள் தங்கள் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் சுவாசத்தில் செலவழிக்க, தாவர உண்ணிகள் 30 விழுக்காட்டைச் செலவழிக்கின்றன. இரையைத் தேடித் திரியும் ஊன் உண்ணிகளுக்கோ பாதிக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது. வெப்பமாகப் போனது மீண்டும் உணவாவதில்லை. சத்துகள் சுழலலாம், ஆற்றல் ஒரே திசையில்தான் ஓடும்.

லின்ட்மேன் வரைந்த உணவுச் சுழற்சிப் படத்தின் நடுவில் இருப்பது மீனோ செடியோ அல்ல, சேறு. செத்தவை எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைத்து மறுபடியும் புழக்கத்துக்கு விடுகின்றன. இன்றைய பாடநூல்களின் நேர்த்தியான பிரமிடுகளில் இந்தச் சேற்றுக்கு இடம் கிடைப்பது அரிது.

1941-இல் லின்ட்மேன் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஈவ்லின் ஹட்சின்சனுடன் பணியாற்றினார். அங்கே முழுமை பெற்ற கட்டுரையை ‘எக்காலஜி’ இதழுக்கு அனுப்பியபோது, மதிப்பீட்டாளர்களான சான்சி ஜூடேயும் பால் வெல்ச்சும் ஊகம் அதிகம் என்று சொல்லி அதை ஏற்க மறுத்தனர். இத்தனைக்கும், ஒப்பீட்டுக்காக லின்ட்மேன் எடுத்துக்கொண்ட மெண்டோட்டா ஏரியின் தரவுகள் ஜூடே திரட்டியவை. ஹட்சின்சன் விடாமல் வாதாட, ஆசிரியர் தாமஸ் பார்க் கட்டுரையை ஏற்றுக்கொண்டார். அது அச்சேறியது 1942 அக்டோபரில். கல்லீரல் நோயால் அவதிப்பட்ட லின்ட்மேன் ஜூன் மாதமே, 26 வயதில், இறந்துவிட்டார்.

பிற்பாடு ஹோவர்ட் ஓடம், புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு 1957-இல் முடிவுகளை வெளியிட்டார். ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டரில் தாவரங்கள் சேர்த்தது 20,810 கிலோகலோரி. அடுத்தடுத்த படிகளில் அது 3,368, 383, 21 எனத் தேய்ந்தது.

லின்ட்மேன் பெயரோடு மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ‘10 விழுக்காடு விதி’யை இந்த எண்களோடு வைத்துப் பார்க்கலாம். சீடர் பாக்கில் தாவரத்திலிருந்து தாவர உண்ணிக்குப் போனது 13.3 விழுக்காடு, அடுத்த படியில் அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. மெண்டோட்டாவில் அந்த இரு படிகளிலும் 8.7, 5.5. சில்வர் ஸ்பிரிங்ஸில் ஏறக்குறைய 16, 11, 5. பத்து என்பது தோராயமான சராசரிதான். அதை விதி என்று சொல்ல லின்ட்மேனின் ஏரி இடம் தரவில்லை.