தொப்புளைச் சுற்றி பதினாலு!

ஆம்பூர்ப் பக்கம் எங்கள் தலைமுறைப் பிள்ளைகளை மிரட்ட பூச்சாண்டி தேவைப்பட்டதில்லை. ‘நாய்கிட்ட போகாதே, தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போடுவாங்க’ என்றால் போதும். பலன்? நாயோடு விளையாடுவதை நாங்கள் நிறுத்தவே இல்லை. கடித்தால் வீட்டில் சொல்வதைத்தான் நிறுத்தினோம்!

இத்தனைக்கும் இந்த ஊசி வந்ததே ஒரு குழந்தையைக் காப்பாற்றத்தான். 1885 ஜூலையில் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனை வெறிநாய் குதறிவிட்டது. அம்மா அவனை அழைத்துக்கொண்டு பாரிஸுக்கு, லூயி பாஸ்டரிடம் ஓடினார். பாஸ்டர் டாக்டர் இல்லை, கெமிஸ்ட். அதனால் தன் மருந்தை ஒரு டாக்டரை வைத்து, பையனின் வயிற்றில் 13 முறை போடவைத்தார். பையன் பிழைத்துக்கொண்டான். ஒன்றைக் கவனியுங்கள். கடித்தது தெருநாய் இல்லை. மளிகைக் கடைக்காரர் ஒருவர் வளர்த்த நாய்.

இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்கென முதல் நிலையம் 1900-ல் இமயமலைப் பக்கம் கசௌலியில் வந்தது. தெற்கே கடிபட்டவர் அங்கே போய்ச் சேர்வதற்குள்..? 1902-ல் தென்னிந்தியாவில் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்த பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள்.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய மருந்துதான் நம்மூர் ‘தொப்புள் ஊசி’. ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. (ஆட்டுத்தோலை மட்டுமே கணக்குப் பார்க்கும் எங்கள் ஊருக்கு இது புதுச் செய்தி!) ஏழைகளைப் பல்லாண்டு காப்பாற்றியது. ஆனால் வலி. சிலருக்கு நரம்புப் பாதிப்பும் வந்தது. 2004 இறுதியோடு இந்தியாவில் அதற்கு விடை கொடுத்தார்கள்.

ஊசி போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. அம்மா காலையிலேயே ஷூ கம்பெனி வேன் ஏறிவிடுகிறார். வீட்டில் பாட்டி, மூணு வயசுக் குழந்தை, வாசலில் டாமி. டாமி சாப்பிடும்போது தட்டில் கை வைத்தாலோ, தூங்கும்போது வாலை இழுத்தாலோ எவ்வளவு சாதுவும் பல்லைக் காட்டும். குழந்தையின் உயரத்துக்கு, கடி முகத்தில்தான் விழும். மூளைக்கு மிகப் பக்கம். நோய் வெளியே தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. உலக அளவில் வெறிநாய் என்று சந்தேகப்படும் நாய்களிடம் கடிபடுபவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு போதும்.

‘நம்ம நாய்தானே’ என்று சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆழமான கடி என்றால் காயத்திலேயே போடும் மருந்து ஒன்றும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். டாமிக்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா?

சமீபத்தில் பேரணாம்பட்டில் ஒரு பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். இப்போதெல்லாம் கையில்தான் போடுகிறார்கள், அதுவும் நாலைந்து தடவை போனால் முடிந்தது என்றேன். நம்பாமல் பார்த்தார்.

“தொப்புள்ல இல்லையா சாமி? நெசமாவா?” என்றவர், உள்ளே திரும்பிப் பேரனைக் கூப்பிட்டார். “டேய், இங்க வா. அன்னிக்கு முட்டியில கீறல்னியே, அது என்னா?”