சிறுத்த வாளும் சிறுக்காத வரலாறும்

பண்டைய வெண்கல வாளைக் கையடக்கமாக வார்த்து மேசைமீது வைப்பது இக்காலத்துப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். ஆனால், வெண்கலக் காலத்து மக்களே இதனைச் செய்தனர் என்பது வரலாறு.

டென்மார்க்கு நாட்டில் முற்காலத்தில் இறந்த வீரனை அவன் வாளோடு புதைத்தனர். பின்னர் உடலை எரித்து, எஞ்சிய எலும்பைத் தாழியில் இடும் வழக்கம் பரவியது. சவக்குழி சுருங்கவே வாளும் சுருங்கிற்று. ஏறத்தாழ கி.மு. 1100 முதல் 900 வரையுள்ள காலத்து ஈமப் புதையல்களில் சின்னஞ்சிறு வெண்கல வாள்கள் கிடைத்துள்ளன. அவை போருக்கு உதவா; இறந்தவனின் பெருமைக்கு நின்ற அடையாளங்கள்.

தாழி நமக்கும் புதியதன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 முதல் 1905 வரை அகழ்ந்தார். வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்புப் படைக்கலங்களும் வெளிப்பட்டன. அப்படைக்கலங்கள் முனை கீழ்நோக்கி மண்ணில் ஊன்றியவாறு இருந்தமையை அவர் குறித்துள்ளார். இங்கே வாள் இரும்பாலானது, வெண்கலம் கலத்திற்குரியது. செம்பு வாள்களைக் காண வேண்டின் வடக்கே செல்ல வேண்டும். இராய்ச்சூர் மாவட்டத்துக் கல்லூரிலும், 2018ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்துச் சனௌலியிலும் அவை கிடைத்தன. பிடியின் முனை இரண்டாகப் பிரிந்து, பூச்சியின் உணர்கொம்பு போல வளைந்திருப்பது இவ்வகை வாள்கள் பலவற்றின் தனிச்சிறப்பு.

இத்தகைய வாளைச் சிறிதாக வார்ப்பது எளிதா? சுவாமிமலைத் தபதிகள் பின்பற்றும் முறையையே கொள்வோம். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருச்செய்து, காவிரி வண்டல் மண்ணால் பொதிந்து, சூடேற்றி மெழுகை வடித்து, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். 60 சென்டிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள வாளைப் பத்தில் ஒன்றாக்கினால் தடிப்பு அரை மில்லிமீட்டரைச் சிறிதே கடக்கும்; எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். அத்துணை மெல்லிய வழியில் உலோகம் முனையை எட்டுமுன் உறைந்துவிடும். ஆதலின் வினைஞர் அலகைச் சற்றுத் தடிப்பாக்கியே தீர வேண்டும்.

நேரிய வினைஞர் இம்மாற்றத்தை மறைப்பதில்லை; செய்த ஆண்டைப் பிடியில் பொறிப்பார். மறைத்துப் பச்சைக் களிம்பேற்றித் தொல்பொருள் என்று விற்பின் அது வஞ்சகம். வரலாற்றின் சான்றையே கெடுக்கும் செயலும் ஆகும். அகழ்ந்தெடுத்த உண்மைப் பொருளை வாங்கி விற்பதையும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகின்றது.

அந்தமானில் ஃபீனிக்ஸ் பே பகுதியில் வாழும் நம்மவர்க்கு ஆதிச்சநல்லூர் கடல் கடந்த தொலைவு. அங்குள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தில் தீவுப் பழங்குடிகளின் குடில்களைச் சிற்றுருவங்களாகக் கண்டிருப்பர். குடிலுக்குள் நுழைய இயலாது. எனினும் அதனைக் கட்டிய அறிவை அச்சிற்றுருவம் உணர்த்துகின்றது. பிள்ளையின் கையில் ஒரு சிறுவாளைக் கொடுக்கும் பெற்றோர், எந்த ஊர் மண்ணில் எக்காலத்து வாளின் படி இது என்பதையும் சேர்த்துச் சொல்வாராயின், அது விளையாட்டுப் பொருளாக மட்டும் நில்லாது வரலாற்றுப் பாடமும் ஆகும்.