வேலிக்குள் ஒரு கீரைப் பாத்தி

மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்து, ஒரு கத்திரிச் செடியும் இரண்டு மிளகாய்ச் செடியும் வளர்க்கலாம் என்று நினைக்கிறீர்கள். 'பொழுதுபோகாத வேலை' என்று வீட்டில் யாராவது சிரிக்கிறார்களா? அவர்களுக்குப் புதுச்சேரியின் கதையைச் சொல்லுங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஊருக்குக் கோட்டை மட்டும் காவல் இல்லை. ஊரை நிலப்பக்கமாக வளைத்துக்கொண்டு ஒரு பெரிய உயிர்வேலியும் இருந்தது. கற்றாழையும் முட்செடிகளும் அடர்ந்து மண்டிக்கிடக்க, நடுநடுவே பனையும் தென்னையும் நின்றன. 'பவுண்ட் ஹெட்ஜ்' என்று ஆங்கிலேயர்கள் எழுதிவைத்தது இதைத்தான். எதிரியின் குதிரைப்படையைத் தடுப்பது வேலியின் வேலை. ஆனால், அதற்குள்ளேதான் கிராமங்கள் இருந்தன; வயல் இருந்தது; மாடு மேய்ந்தது. அதாவது, ஊரின் சோற்றுப்பானைக்கும் அதுதான் காவல்!

1760 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை அந்த வேலியைக் கைப்பற்றியது. கடலில் அவர்களுடைய கப்பல்கள். உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலி. அதற்குப் பிறகு பீரங்கியைவிடப் பசிதான் அதிகமாகச் சண்டை போட்டது. நவம்பர் கடைசியில், தின்ன வாய்கள் குறையட்டும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் மக்களைக் கோட்டைக்கு வெளியே விரட்டினார் லாலி. ஆங்கிலேயர்களும் வழிவிடவில்லை. ஆண், பெண், குழந்தைகள் என்று அத்தனை பேரும் சுமார் ஒரு வாரம் இரண்டு படைகளுக்கும் நடுவே அலைந்தார்கள். புல் வேரைப் பிடுங்கித் தின்றவர்களும் உண்டு. கோட்டைக்குள் இருந்தவர்கள் யானை, ஒட்டகம், குதிரையைக்கூட விட்டுவைக்கவில்லை. 1761 ஜனவரியில் ஊர் சரணடைந்தது. இந்த ஊரைப் பற்றி நாள் தவறாமல் குறிப்பு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியதும் அதே மாதம்தான்.

சாப்பாடு வெளியிலிருந்து வர வேண்டிய ஊருக்கு, வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

ஊர் மறுபடி எழுந்தது. 1826-ல் அரசாங்கமே ஒரு தோட்டம் போட்டது. இன்று நீங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற தாவரவியல் பூங்கா! 1834-ல் அதன் பொறுப்புக்கு வந்தவர் பெரோத்தே. சுவிட்சர்லாந்தில் பிறந்து, ஆப்பிரிக்காவின் செனகல் வரை செடி தேடிப் போனவர். வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து நம் மண்ணில் வளருமா என்று பார்த்தார். 1870-ல் புதுச்சேரியிலேயே இறந்தார். அருமையான தோட்டம்தான். ஆனால், அது அரசாங்கத்தின் தோட்டம். எந்தச் செடியால் வருமானம் வரும் என்பதுதான் அதன் கணக்கு.

ஜனங்களின் தோட்டம் வேறு இடத்தில் இருந்தது. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் தாண்டி நடந்தால் கடைசியில் வருமே... கொல்லை! குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். கிணற்றடியில் கறிவேப்பிலை, சுவரோரம் முருங்கை. அதன் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்குக் குழம்புக்கு என்ன?

அந்தத் தோட்டம் எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து ஏழைத் தமிழர்களைக் கப்பல் கப்பலாக ரெயூனியன் தீவுக்கு ஏற்றிப் போனார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால், அந்தத் தீவின் கிரியோல் மொழியில் கறிவேப்பிலைக்குப் பெயர் 'கலுபிலே'. முருங்கைக்கு 'மூரூங்'! மொழி தொலைந்தும், கொல்லையில் நின்ற இரண்டு செடிகள் பெயரோடு பிழைத்துக்கொண்டன.

சரி, நம் மாடிக்கு வருவோம். இன்று கொல்லைகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள். குபேர் மார்க்கெட்டுக்குக் காய் வெளியூரிலிருந்து லாரியில் வருகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தெருவெல்லாம் ஆறானது. அன்றைக்கு லாரி எப்படி வரும்? வேலி உடைவது என்றால் இந்தக் காலத்தில் இதுதான்.

எனவே ஆசைக்குத் தோட்டம் போடாமல், சமையலுக்குப் போடுங்கள். முதலில் கீரை. அரைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த 25, 30 நாளில் பறிக்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு அதுதான் தெம்பு. அடுத்தது மிளகாய், தக்காளி, கத்திரி. ஒரு டிரம்மில் பப்பாளியோ எலுமிச்சையோ வைக்கலாம். மிளகாய், தக்காளி, பப்பாளி மூன்றுமே கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. உங்கள் தொட்டிக்கு வரத் தயங்காது!

மூன்று விஷயங்களில் மட்டும் கவனம். ஒன்று, பாரம். ஒரு கன அடி ஈர மண் 40 கிலோவுக்கு மேல் இருக்கும். மண்ணோடு தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்தால் எடை குறையும். கனமான தொட்டிகளை மாடியின் நடுவில் வைக்காமல் தூண், உத்தரம் மேல் வருகிற மாதிரி வையுங்கள். இரண்டு, வெயில். காய்க்கிற செடிக்குத் தினம் ஆறு மணி நேரமாவது வேண்டும். மூன்று, தண்ணீர். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். பீன்ஸ் மாதிரிச் செடிகள் அதைத் தாங்காது. மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றுங்கள்.

மறக்காமல் ஒரு கறிவேப்பிலைக் கன்று. வீட்டுப் பக்கத்தில் முழம் மண் இருந்தால் முருங்கைப் போத்து ஒன்று நடுங்கள். மண்ணே இல்லையா? பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.-1 செடிமுருங்கை விதையை டிரம்மில் ஊன்றுங்கள். ஆறேழு மாதத்தில் காய்க்கும். புயலில் கிளை முறிந்தாலும் கவலைப்படாதீர்கள். வெட்டி விட்டால் மறுபடி துளிர்க்கும்.